விதையில் குறை இல்லை

விதை விற்பவன் பயிர் முளைக்கும் முன்பே ஊரைத் தாண்டிப் போய்விடுவான். முளைத்த பிறகு அந்த வயலில் போய் நிற்பதற்கென்று ஒருவனைக் கம்பெனி தனியாக வைத்திருக்கும்.

அந்த வேலைக்குத்தான் தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் சேர்ந்தேன். விதை சரியில்லை என்று விவசாயி கடையில் சொல்வார். கடைக்காரர் எங்கள் கிளைக்குச் சொல்வார். கிளை என்னை அனுப்பும். நான் மொபெட்டில் போய், வயலில் இறங்கிப் பார்த்து, இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். விதையில் குறை என்றால் கம்பெனி மாற்று விதை கொடுக்கும். குறை இல்லை என்றால் ஒன்றும் கிடையாது. ஆனால் குறை இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்ப முடியாது. பிறகு எதனால் என்று கேட்பார்கள். தண்ணீர், மண், உரம், பூச்சி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், எதிலும் அகப்படவில்லை என்றால் கடைசியில் மிஞ்சுவது வெயில்.

காப்பீட்டுக்குச் சேதம் பார்க்கப் போகிறவர்கள், மின்கணக்கு எடுக்கிறவர்கள், ரத்தப் பரிசோதனை முடிவை நோயாளியின் கையில் கொடுக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் என் நிலைமை புரியும். நாம் உண்டாக்காத ஒன்றை அடுத்தவர் வாசலில் நின்று நம் வாயால் சொல்கிறவர்கள் நாம். அந்த ஒன்றைத் திட்ட வழியில்லாததால் வாயைத் திட்டுவார்கள். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: விவசாயி "செடி நல்லாத்தான் கீது" என்று ஆரம்பித்தால் உட்கார இடம் பார்த்துக்கொள்ளுங்கள். செத்துப்போன செடியைப் பற்றிய புகார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். நன்றாக இருக்கிற செடியைப் பற்றிய புகார்தான் முடியாது.

கம்பளி

வேலையில் சேர்ந்த புதிதில் காணைப் பக்கம் ஒரு நெல் புகார். சொர்ணவாரிப் பட்டத்துக்கு, அதாவது சித்திரையில் விடுகிற நாற்றுக்கு, ஒரு விவசாயி எங்கள் விதையை வாங்கியிருந்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை. கம்பெனி செத்த விதையை விற்றுவிட்டது என்று தெருவே கூடி நின்றது. நான் எதையும் ஒப்புக்கொள்ளாமல், முளை கட்டிய விதத்தை மட்டும் விசாரித்தேன். ஊறின விதையைச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே பாரம் ஏற்றி வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். உள்ளே சூடு தங்கினால் முளை வேகமாக வரும். குளிர்காலத்துக்கென்று ஏற்பட்ட வழக்கம் அது. அவர் சித்திரையிலும் அதையே செய்திருந்தார். விதை விலை கூடுதல் என்பதால் மரியாதைக்கு ஒரு கம்பளியையும் சேர்த்துப் போர்த்தியிருந்தார்.

மிச்சம் கட்டியிருந்த ஒரு மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன். ஆவி முகத்தில் அடித்தது. கூட்டம் மெதுவாகக் கலைந்தது. அவர் கம்பளியை மடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். அவர் மனைவிதான் எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் காதில் விழும்படி சொன்னார்: "விதைய முளைக்கப் போடுன்னு குடுத்தா, மனுசன் புழுங்கல் போட்டு வச்சிருக்காரு சார்."

சம்பளம்

வெயில் என்ற வார்த்தையை முதலில் சொன்னது வல்லத்துப் பக்கம் ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில். தொண்ணூறுகளின் கடைசி. கொல்லைக்குள் போகும்போதே எனக்குப் பயமாகிவிட்டது. அவ்வளவு நல்ல செடி. முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது, மஞ்சள் பூ நிறைய. கொல்லைக்காரர் ஒரு செடியைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். அடியில் இரண்டோ மூன்றோ காய். மற்றப் பூக்களிலிருந்து மண்ணுக்குள் இறங்க வேண்டிய விழுதெல்லாம் பாதி வழியில் நின்று, நுனி கருகி, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

தண்ணீர் சரியாக விட்டிருந்தார். மண்ணைக் கொத்தி அணைத்திருந்தார். ஜிப்சம் போட்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிக்கொண்டு வந்தார், பாடம் படித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்தவர் போல. என் வரிசை தீர்ந்துவிட்டது. மோட்டார் கொட்டகை நிழலில் நின்று, பூக்கும் நேரத்தில் இந்தச் சூடு வந்தால் பூ காய்ந்துவிடும், விழுது இறங்காது, இலைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. செடியின் வேரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பால் கொறஞ்சதுக்கு மாட்டு டாக்டரு வெயிலுன்னாரு. நீங்களும் வெயிலுன்றீங்க. அதுக்கு யாரு சார் சம்பளம் குடுக்கிறது, உங்க கம்பெனியா, அவங்க ஆபீசா?"

ஆம்பளைப் பூ

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், ஒரு கிளைப் பாதையில் உள்ளே தள்ளி இருந்தது அஞ்சலையின் கொல்லை. அஞ்சலையை முன்பே தெரியும். எங்கள் கம்பெனி விதை எடுக்கும் தோட்டத்தில் கூலிக்குப் பூ தொட வந்தவர். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைக்கிற வேலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அவருக்கும் கணவர் ஏழுமலைக்கும் சொந்தமாக நிலம் கிடையாது. இரண்டு பேரும் துணிந்து ஒன்றரை ஏக்கர் மணல் கொல்லையைக் குத்தகைக்குப் பிடித்துத் தர்பூசணி போட்டார்கள். கொல்லைக்குச் சொந்தக்காரர் திண்டிவனத்தில் இருக்கிற தனக்கோட்டி. குத்தகைக்கு எழுத்து எதுவும் இல்லை. கடைசி லோடு பழம் ஏறிய பிறகு அவர் வருவார், வரப்பில் நிற்பார், கொல்லையை ஒரு பார்வை பார்ப்பார். "போடு" என்று சொன்னால் இன்னொரு வருடம். சொல்லாவிட்டால் அஞ்சலை மறுபடியும் அடுத்தவர் கொல்லைக்குக் கூலி. அந்த இரண்டு எழுத்துக்குத்தான் வருடம் முழுக்க இரண்டு பேரும் குனிந்து நின்றார்கள்.

இரண்டாயிரத்து நாலு அல்லது ஐந்து இருக்கும். கார்த்திகையில் பெய்ய வேண்டிய மழை மார்கழியில் மொத்தமாகப் பெய்து கொல்லையில் நின்றுவிட்டது. விதைப்பு தள்ளிப்போய், கொடி பூக்கும்போது மாசி முடிந்துவிட்டது. கொடி நன்றாக ஓடியிருந்தது. கொல்லை முழுக்க மஞ்சள் பூ. பெண் பூவுக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடி நான் வரிசை வரிசையாகக் குனிந்து நடந்தேன். எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று. மற்றதெல்லாம் ஆண் பூ. சூடு கூடினால் கொடி இப்படித்தான் செய்யும், ஆண் பூவாகவே தள்ளும். இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு நின்றபோது, களை எடுக்க வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வருடம் அஞ்சலை இருந்த பெண் பூக்களில் ஒன்றைக்கூட விடாமல் தேடித் தொட்டு, ஏதோ ஒரு லோடு தேற்றி, தனக்கோட்டியிடம் "போடு" வாங்கிவிட்டார். நான் கொல்லை பார்க்கப் போன அன்று அஞ்சலை என்னிடம் சொன்னது இது: "வூட்டுல கீற ஒண்ணயே சமாளிக்க முடியல. இங்க கொல்ல முழுக்க ஆம்பளையா பூத்து நிக்குது சார்."

பெயர்

கொஞ்ச வருடங்களில் எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. திண்டிவனத்தில் எங்கள் விதைகளை விற்கிற கடையில் நான் மொபெட்டை நிறுத்தினால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். பேஜாரு பிடித்த வேலை என்று கடைக்காரர் எனக்காகப் பரிந்து பேசுவார்.

செல்போன் வந்த புதிதில், ஒரு புகாருக்குக் கிளம்பும் முன் அந்த விவசாயிக்குக் கடை வாசலில் நின்று போன் செய்தேன். மணி என் பக்கத்திலேயே அடித்தது. அவர் கடைக்குள்தான் இருந்தார். போனை எடுத்துக் கண்ணருகில் பிடித்துப் படித்தார், பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரையில் "வெயில்" என்று இருந்தது. அவர் போனை அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "பொண்ணு அடிச்சுக் குடுத்துச்சு, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க நெசப் பேரு இங்க யாருக்குமே தெரியல சார்."

ராத்திரி

மறுபடியும் காணை, மறுபடியும் நெல். கதிர் வந்திருந்தது, நிமிர்ந்து நின்றது. கதிர் நிமிர்ந்து நின்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் பாதிக்கு மேல் பறந்துபோனது. எல்லாம் கருக்கா, அரிசி பிடிக்காத வெற்று உமி. வயலுக்காரர் வயதானவர். அவருக்கு ஏற்கெனவே என்னைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். வெயில் என்று சொல்லிவிடாதீர்கள், பகல் முழுக்க வயலில் தண்ணீர் கட்டியிருந்தேன், பூக்கிற நேரத்தில் வெயிலும் அப்படி ஒன்றும் இல்லை என்றார். அது உண்மை. பகலில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ராத்திரிதான் காரணம் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. பகலில் செடி சம்பாதிக்கிறது, ராத்திரியில் மூச்சு விட்டுச் செலவு செய்கிறது. ராத்திரி குளிர்ந்தால் செலவு குறைவு, மிச்சம் கதிருக்குப் போகும். இப்போது ராத்திரி குளிர்வதே இல்லை. பகலில் சேர்த்ததை எல்லாம் செடி மூச்சிலேயே கரைத்துவிடுகிறது. சொல்லச் சொல்ல, நான் என் வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி எனக்கே இருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் பாயைப் போட்டு, ஈரம் காய்ந்ததும் எழுந்து உட்கார்ந்துகொள்கிற வீடு. பெரியவர் கையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "பகல்ல வெயிலுன்னா சரின்னு கேட்டுக்கலாம். ராத்திரிலயும் வெயிலுன்னா, நாங்க எந்த நேரத்துல சார் பயிர் வைக்கிறது?"

மாற்று விதை

அஞ்சலையின் கொல்லையில் மறுபடியும் பெண் பூ குறைந்த வருடம் ஒன்று வந்தது. இந்த முறை தொடுவதற்கே பூ இல்லை. தனக்கோட்டி இரண்டு தடவை கொல்லைப் பக்கம் வந்து, வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஏழுமலை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. துண்டைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் கேட்காததால்தான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஒரு தடவை விதையில் குறை என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். கிளையில் என்னை நம்புவார்கள். மாற்று விதை இரண்டே நாளில் கடைக்கு வந்துவிடும். போட்டால் "போடு" கேட்பதற்குக் கொல்லையில் ஏதாவது ஒரு பயிர் நிற்கும்.

அஞ்சலையைத் தனியாக அழைத்துச் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். பங்குனியில் போட்டால் எப்போது பூக்கும் என்று கேட்டார், பதிலும் அவரே சொன்னார். சித்திரை கடைசி. அக்கினி நட்சத்திரத்தில் தர்பூசணி பூத்து யாரும் பார்த்ததில்லை. என் முகம் வாடியதைக் கண்டு அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். அந்த வருடம் கொல்லையில் ஊடே காராமணி போட்டு, காலியாகத் தெரியாமல் மூடி, எப்படியோ "போடு" வாங்கினார்கள். என்னை வழியனுப்பும்போது அவர் சொன்னது: "விதைய மாத்திக் குடுப்பீங்க, நல்ல மனசு. மாசத்த யாரு சார் மாத்திக் குடுப்பா?"

பச்சைப் படம்

ஒரு முறை கம்பெனியே எங்களையும் கடைக்காரர்களையும் அழைத்து, ஓர் ஓட்டல் அறையில் வகுப்பு நடத்தியது. வெளியூரிலிருந்து வந்த விஞ்ஞானி உலகப் படம் ஒன்றைச் சுவரில் காட்டினார். பனி மூடிக் கிடந்த இடங்களில் இப்போது பனி சீக்கிரம் உருகுகிறது, மரங்கள் முன்கூட்டியே துளிர்க்கின்றன, புல்லே முளைக்காத இடங்களில் புதர் ஏறுகிறது என்றார். காற்றில் கரியமில வாயு கூடக் கூட இலை கொழுக்கும் என்றார். படத்தின் மேல் பகுதி முழுக்கப் பச்சை. உலகத்தைப் பற்றியும் அவர் செடி நன்றாகத்தான் இருக்கிறது என்றே ஆரம்பித்ததால், நான் நாற்காலியில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

எதிர்பார்த்தபடியே படம் கீழே இறங்க இறங்க நிறம் மாறியது. அங்கெல்லாம் பூ ஒரு நேரத்துக்கும் வண்டு இன்னொரு நேரத்துக்கும் வருகிறது, மலைப் பயிர்கள் குளிரைத் தேடி மேலே மேலே ஏறுகின்றன, ஏற இடம் தீர்ந்தால் நின்றுவிடும். சூடான நாடுகளில் தானியம் குறையும், இருக்கிற தானியத்திலும் சத்து குறையும். எங்கள் ஊர் படத்தில் ஒரு புள்ளியாகக்கூட இல்லை, ஆனால் அது எந்த நிறத்துக்குள் விழுகிறது என்று தெரிந்தது. ஏசி குளிரில் கடைக்காரர்கள் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெயில் என்பதற்குப் பதிலாக நான் வேறு என்ன சொல்லலாம் என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சந்தேகம் உண்டா என்று விஞ்ஞானி கேட்டபோது திண்டிவனத்துக் கடைக்காரர் எழுந்தார். மரியாதையாகத்தான் சொன்னார்: "குளிர் தேசத்துல செடி நல்லா வருதுன்றீங்க, ரொம்ப சந்தோஷங்க. எங்க கஸ்டமரு யாரும் அங்க இல்லீங்களே."

முண்டியம்பாக்கம்

அஞ்சலை கூலிக்கு வந்த காலத்தில் பெண்கள் கூழ் குடித்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, சாவகாசமாகப் பூ தொடத் தொடங்குவார்கள். வருடத்துக்கு வருடம் அந்த நேரம் முன்னால் நகர்ந்தது. வெயில் ஏறினால் ஆண் பூவில் இருக்கிற தூள் உலர்ந்துவிடும், தொட்டாலும் ஒட்டாது. பிறகு கூழை எடுத்துக்கொண்டு கொல்லைக்கே வந்தார்கள். பிறகு கூழுக்கு முன்பே தொட்டார்கள். கடைசியில் பூ விரியும்போதே பக்கத்தில் போய் நின்றார்கள். பிடித்த காய்க்கும் பாதுகாப்பு வேண்டும். வெயில் பட்ட பக்கம் வெளுத்து வெந்துவிடும் என்பதால், ஒவ்வொரு காய்க்கும் வைக்கோல் போர்த்த வேண்டும். அப்படி உச்சிப் பொழுதில் போர்த்திக்கொண்டிருந்த ஏழுமலை ஒரு நாள் கொடி மேலேயே விழுந்துவிட்டார். நான் வேறொரு புகாருக்காக அந்தப் பக்கம் போயிருந்தபோது சொன்னார்கள். திரும்பி விழுப்புரம் வருகிற வழிதானே என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இறங்கினேன்.

கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தார். அஞ்சலைக்கு அவரைப் பற்றிய கவலை பாதி, நாளைக் காலை விரியப்போகிற பூக்களைப் பற்றிய கவலை பாதி. இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் எப்படி இருப்பது என்று என்னிடம் கேட்டார். காய் பிடிக்காவிட்டால் தனக்கோட்டி இந்தத் தடவை "போடு" சொல்ல மாட்டார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அப்போது இளம் டாக்டர் ஒருவர் வந்தார். நாடியைப் பார்த்தார், உப்பு இறங்கியிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார். இவருக்கு உடம்பில் வேறு எந்தக் குறையும் இல்லை, எல்லாம் வெயில்தான் என்றும் சொன்னார். ஏழுமலை கண்ணைத் திறந்து முதலில் என்னைப் பார்த்தார், பிறகு டாக்டரைப் பார்த்தார். உதட்டை நனைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்களும் அந்தக் கம்பெனியா சார்?"

போடு

அந்தத் தடவையும் தனக்கோட்டி அரை மனதாகப் "போடு" சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த பருவமும் சரியில்லை. பழங்கள் சிறுத்து, வைக்கோலையும் மீறி முதுகு வெளுத்துக் கிடந்தன. வியாபாரி வந்து பார்த்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இதற்கிடையில் தனக்கோட்டி ஊரில் ஒரு பேச்சு பேசிக்கொண்டிருந்தார். அஞ்சலைக்குப் பூ தொடத்தான் தெரியும், பயிர் வைக்கத் தெரியவில்லை, என் கொல்லையைக் கெடுத்துவிட்டாள் என்று. அந்தப் பேச்சு அஞ்சலையை உள்ளுக்குள் அரித்தது. கடைக்காரர் மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பினார். விதை மேல் புகார் ஒன்றும் இல்லை, ஆனால் அவசியம் வர வேண்டும். போனபோது விஷயம் தெரிந்தது. தனக்கோட்டியும் அன்று வருகிறார். அவர் காதில் விழும்படி, வெயில்தான் காரணம் என்று நான் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் சொல்கிறீர்களே, அவரிடம் ஒரு தடவை சொல்லுங்கள் என்றார் அஞ்சலை. அத்தனை வருட வேலையில் அந்த வார்த்தையைச் சொல்லாதே என்று கெஞ்சியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். சொல் என்று கேட்ட முதல் ஆள் இவர்.

தனக்கோட்டி வரப்பில் நின்றார். நான் கொல்லைக்குள் இறங்கி, ஒரு கொடியைத் தூக்கிக் காட்டி ஆரம்பித்தேன். விதையில் குறை இல்லை. பயிர் வைத்த விதத்திலும் குறை இல்லை, இந்தச் சாலையில் இவ்வளவு சுத்தமாகப் பயிர் வைக்கிற ஆள் வேறு இல்லை. மழை தள்ளிப்போகிறது, அதனால் பூ வெயிலில் போய் விழுகிறது. சூட்டில் பெண் பூ குறைகிறது, இருக்கிற பூவிலும் தூள் ஒட்டுவதில்லை. ராத்திரிச் சூட்டில் பழம் பெருப்பதில்லை. நான் அதுவரை எங்கேயும் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. அஞ்சலை என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக்கொண்டு, தனக்கோட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கோட்டி கடைசி வரை காது கொடுத்துக் கேட்டார். அடுத்த வருடம் வெயில் எப்படி இருக்கும் என்று மட்டும் விசாரித்தார். குறையும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கூடத்தான் செய்யும் என்றேன். அவர் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டி மாட்டிக்கொண்டார். அஞ்சலை மேல் தப்பில்லை என்று ஒப்புக்கொண்டார், ஊரில் பேசியதற்கு வருத்தம்கூடத் தெரிவித்தார். பிறகு, வெயில் என்றால் அது யார் பயிர் வைத்தாலும் வரும்தானே, இனி இங்கே தர்பூசணிக்கு வழியில்லை, சவுக்கு நட்டுவிடுகிறேன் என்றார். நட்டுவிட்டால் வெட்டும் வரைக்கும் சவுக்குக்குக் குத்தகைதாரர் தேவையில்லை.

ஏழுமலை குனிந்து, இனி யாருக்கும் பயன்படாத வைக்கோலை ஒவ்வொரு பழத்தின் மேலிருந்தும் எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு சாலை வரைக்கும் வந்தேன். அஞ்சலையும் கூட நடந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்குப் பழக்கம்தான். சாலை வந்ததும் நின்றார். என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை, கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறவரின் குரல்: "எனக்குப் பயிர் வைக்கத் தெரியலன்னே சொல்லியிருக்கலாம் சார். கத்துக்கினு வர்றேன், இன்னும் ஒரு வருசம் குடுங்கன்னு கேட்டிருப்பேன்."

வெயில்தான் காரணம் என்று இத்தனை வருடம் இத்தனை கொல்லைகளில் நின்று சொன்னதில், ஒரு வார்த்தை மறுக்காமல் முழுதாக நம்பியவர் தனக்கோட்டி ஒருவர்தான்.